ரம்பம் வெட்டிய விரல். பழி பைக் செயின் மீது!

விக்கிரவாண்டிக்கு அருகே ஒரு கிராமம். ஊரைத் தாண்டி ஏரிக்கரையை ஒட்டிய மண் சாலையில் சிறிது தூரம் நடந்தால் காலனி வருகிறது. அங்கே தொகுப்பு வீடு ஒன்றின் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர், இடது கையால் டீ டம்ளரைப் பிடித்துப் பார்க்கிறார். நான்கு விரல்கள் டம்ளரைச் சுற்றுகின்றன. எதிர்ப்பக்கம் தாங்கப் பெருவிரல் இல்லை. டம்ளர் நழுவுகிறது. சிரித்துக்கொண்டே வலது கைக்கு மாற்றிக்கொள்கிறார்.

அவருக்கு சென்ட்ரிங் வேலை. 2025 பிப்ரவரியில் ஒரு மாடி வீட்டுக்குத் தளம் போடப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் கான்கிரீட். அதற்குள் பலகை முடிய வேண்டும்.

“பிளைவுட்டைக் கால்ல மிதிச்சிக்கினு கட்டர்ல அறுத்துக்கினு இருந்தேன் சார். பாதி போயிருக்கும். மெஷின் எகிறிச்சு. வலியே தெரியல. கீழ பாத்தா விரல் கெடக்குது.”

துண்டால் கையைக் கட்டி, பைக்கில் நடுவே உட்காரவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே மேஸ்திரி பாடம் நடத்திவிட்டார்: “டாக்டர் கேட்டா பைக் செயினைத் தொடைக்கும்போது மாட்டிக்கிச்சுன்னு சொல்லு. கட்டடத்துலன்னு சொன்னா போலீஸ் கேஸாயிடும். வேலை நின்னுடும். செலவை நான் பாத்துக்கறேன்டா.”

அவர் அப்படியே சொன்னார். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதப்பட்டது.

மூன்று வாரம் கழித்து மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். கையில் 20 ஆயிரம் ரூபாய். கூடவே ஒரு முத்திரைத்தாள். ‘இனி எந்தப் பாத்தியதையும் கோரமாட்டேன்’ என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. “எங்கப்பா காலத்துல எதுக்கெடுத்தாலும் இடது கைப் பெருவிரலைத்தான் உருட்டுவாங்க. நான் பத்தாவது படிச்சவன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன்” என்கிறார்.

அந்தக் கையெழுத்து செல்லாது. அந்த விரலுக்குச் சட்டத்தில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டும் அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லவில்லை.

ஒரு பெருவிரலின் கணக்கு

வேலையின்போது ஏற்படும் காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது புதிய சட்டம் அல்ல. 1923-லேயே வந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர். அதன் முதல் அட்டவணை, உடலின் எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்ள வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது.

பெருவிரல் முழுவதும் போனால் 30 சதவீதம். சுட்டுவிரல் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. ஒரு கையே போனால் 60. சிதறிய துண்டு பட்டு ஒரு கண்ணில் பார்வை போனால் 30. எலும்பு போகாமல் சுட்டுவிரலின் நுனி மட்டும் நறுக்கப்பட்டாலும் 5 சதவீதம் உண்டு. “நுனிதானே போச்சு” என்று மேஸ்திரி சொல்லலாம். சட்டம் அப்படிச் சொல்வதில்லை.

இந்த இளைஞரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விபத்தின்போது வயது 30. ஒரு நாள் கூலி 800. மாதம் 25 நாள் வேலை என்றால் 20 ஆயிரம். ஆனால் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாதச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2020 ஜனவரி முதல் அது 15 ஆயிரம் ரூபாய். அதில் 60 சதவீதம் 9 ஆயிரம். 30 வயதுக்குச் சட்டம் தரும் பெருக்கல் எண் 207.98. இரண்டையும் பெருக்கினால் 18 லட்சத்து 71 ஆயிரத்து 820 ரூபாய். இது வேலை செய்யும் திறன் முழுதாகப் போனவருக்கான தொகை. அதில் 30 சதவீதம், அதாவது பெருவிரலுக்கு, 5 லட்சத்து 61 ஆயிரத்து 546 ரூபாய்.

அவருக்குக் கிடைத்தது 20 ஆயிரம்.

மருத்துவச் செலவு இந்தத் தொகைக்குள் வராது. அதையும் முதலாளி தனியாகத் தர வேண்டும் என்று 2009 திருத்தம் சொல்கிறது. தர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் இழப்பீட்டைத் தராவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்றால் தொகையில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.

முத்திரைத்தாள் விஷயத்துக்கு வருவோம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று அதே சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. ஏழையின் கையெழுத்தை எப்படி வாங்குவார்கள் என்பது 1923-லேயே சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. 1923 சட்டத்தின் இடத்துக்கு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. சம்பளம், வயது, இழப்பின் சதவீதம் என்ற கணக்கின் அடிப்படை அதிலும் தொடர்கிறது. இந்த இளைஞரின் விபத்து அதற்கு முன்பே நடந்தது. மனு செய்ய விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். அதாவது 2027 பிப்ரவரி வரை. தாமதமானாலும் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கப்படலாம். ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

நான்கு அங்குல எமன்

விரலை எடுத்த மெஷினைக் காட்டச் சொன்னோம். அதே மெஷின் இன்னும் அதே மேஸ்திரியிடம் வேலையில் இருக்கிறதாம். அதேபோன்ற ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தம்பி எடுத்துவந்து காட்டினார். மார்பிள் கட்டர். பெயரே சொல்கிறது: கல்லும் டைல்சும் அறுப்பதற்கான மெஷின். அதில் கல் அறுக்கும் பிளேடைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டியிருந்தார்கள். கார்டு இல்லை.

“கார்டு இருந்தா கோடு தெரியாதுண்ணா. பெரிய பிளேடும் உள்ள போவாது” என்றார் தம்பி.

மாவட்டம் முழுவதும் சென்ட்ரிங் வேலையிடங்களில் இதைப் பார்க்கலாம். சில இடங்களில் ஹேண்ட் கிரைண்டரிலேயே பல் பிளேடை மாட்டி அறுக்கிறார்கள். அது இதைவிடவும் மோசம்.

மரம் அறுப்பதற்கென்றே செய்த ஏழு அங்குல மின்ரம்பத்தில் அடியில் ஸ்பிரிங் வைத்த கார்டு இருக்கும். பலகைக்குள் பிளேடு இறங்கும்போது விலகி, வெளியே வந்ததும் தானாக மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அது கிடையாது. மேல்பக்கம் மட்டுமே மூடி. அதையும் கழற்றிவிட்டால் சுற்றும் பிளேடுக்கும் கைக்கும் நடுவே காற்று மட்டும்தான்.

வேகத்தையும் பாருங்கள். ஏழு அங்குல ரம்பம் நிமிடத்துக்கு 5 ஆயிரம் சுற்று அளவில் சுற்றுகிறது. மார்பிள் கட்டர் 12 ஆயிரம் சுற்று அளவில். அப்படியானால் நொடிக்கு 200 சுற்று. ஆபத்து என்று கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை விலக நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் பிளேடு 40 முறை சுற்றி முடித்துவிடும். “சுதாரிச்சுக்குவேன்” என்பதற்கு இந்த மெஷினிடம் இடமே இல்லை.

மெஷின் ஏன் எகிறுகிறது? அறுத்துக்கொண்டு போகும்போது பின்னால் விட்டுவந்த வெட்டு வாய் மூடிக்கொண்டால் பிளேடு சிக்கிக்கொள்ளும். பலகை ஈரமாக இருந்தாலும், நடுவில் தாங்கல் இல்லாமல் தொங்கினாலும், பழைய ஆணி குறுக்கே வந்தாலும் இதுதான் நடக்கும். சிக்கிய பிளேடு நிற்காது. மெஷினையே பிடித்து அறுப்பவரை நோக்கித் தள்ளும். சென்ட்ரிங் பலகையோ பத்து இடத்தில் அடித்துப் பிரித்த பலகை. ஈரம், சிமென்ட் கட்டி, முறிந்த ஆணி மூன்றும் அதில் உண்டு. இடது கை பலகையைப் பிடித்திருக்க, வலது கையில் மட்டும் மெஷின். எகிறினால் இடது கைதான் முதலில் மாட்டும்.

அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். மேஜை ரம்பத்தின் பிளேடில் விரல் பட்டால், உடம்பில் மின்சாரம் பாயும் தன்மையை வைத்தே அதை உணர்ந்து, 5 மில்லி நொடிக்குள் பிளேடை நிறுத்திவிடும். ‘சாஸ்டாப்’ என்ற பெயரில் அது விற்பனைக்கும் வந்தது. கைவிரலைக் காப்பாற்ற உலகத்துக்கு வழி தெரியாமல் இல்லை. நம் வேலையிடங்களில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மெஷினோடு டப்பாவில் வந்த கார்டை கழற்றாமல் இருந்தால் போதும் என்ற முதல் படியிலேயே நாம் இன்னும் நிற்கிறோம்.

ரம்பம் யார் கையில்?

இதை ஏன் இந்தப் பத்தியில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். பிளேடுக்குச் சாதி தெரியாதுதான். ஆனால் பிளேடுக்கு எதிரே யார் கையைக் கொண்டுபோய் வைக்கிறோம் என்பதில் சாதி இருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். அன்றைய பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 சதவீதம். நிலம் இல்லாத குடும்பங்கள். நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போன பிறகு, காலனி இளைஞர்களுக்கு ஊரிலேயே கிடைத்த வேலை கட்டட வேலை. கம்பி கட்டுவது, சென்ட்ரிங் அடிப்பது, கான்கிரீட் போடுவது. விடியற்காலை பஸ்ஸில் புதுச்சேரிக்கும், ரயிலில் சென்னைக்கும், இரவு வண்டியில் பெங்களூருக்கும் போகிறவர்களில் இவர்கள் நிறைய.

தச்சு வேலை தலைமுறையாகச் செய்தவர்கள் வீட்டில், பிள்ளை பல வருடம் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் உளியைத் தொடும். கையை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்பது அந்த வருடங்களில் கையிலேயே பதிந்துவிடும். சென்ட்ரிங்குக்குப் போகும் நம் பிள்ளைக்கு அந்தப் பாடம் இல்லை. முதல் நாள் பலகை சுமக்கிறான். பத்தாவது நாள், மெஷின் பிடிக்கிறவர் வரவில்லை என்று கட்டரை அவன் கையில் கொடுக்கிறார்கள். தொழில் நம்மிடம் வந்தது. தொழிலைக் கற்றுத்தரும் முறை கூடவே வரவில்லை.

அடுத்தது, பணிவு. “செயின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு” என்றால் ஏன் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வியை அந்த இளைஞரின் மனைவியிடம் கேட்டோம். அவரும் அதே வேலையிடத்தில் சித்தாளாக இருந்தவர். அன்று பலகையின் மறுமுனையைப் பிடித்திருந்தவரும் அவர்தான்.

“பொங்கலுக்கு மேஸ்திரிகிட்ட 15 ஆயிரம் அட்வான்ஸ் வாங்கியிருந்தோம் சார். கான்ட்ராக்ட் எடுத்தவரு ஊருக்காரரு. நாளைக்கு எங்க தம்பி, எங்க அண்ணன் எல்லாரும் அவுங்ககிட்டதான் வேலைக்குப் போவணும். நாங்க ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா காலனிக்கே வேலை இல்லன்னுடுவாங்க.”

கடனும் பயமும் சேர்ந்து எழுதவைத்த பொய் அது. ஆனால் அந்தப் பொய்யின் விலை 5 லட்சத்துக்கு மேல். அதைக் கொடுத்தது மேஸ்திரி அல்ல, காலனிக் குடும்பம்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். 1946-ல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு வார வேலை 48 மணி நேரமாகக் குறைந்ததில் அவருடைய பங்கு பெரியது. வேலை நேரம், காப்பீடு, பாதுகாப்பு ஆகியவற்றை அவர் தருமமாகக் கேட்கவில்லை, சட்டமாகக் கேட்டார். காலனி முகப்பில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறோம். பிறந்தநாளில் மாலை போடுகிறோம். அவர் அமர்ந்திருந்த துறையின் சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாளி சொல்லும் மூன்று பதில்கள்

இழப்பீடு என்று வாயெடுத்தால் மூன்று பதில்கள் வரும்.

முதலாவது: “அவன் என் ஆளே இல்லை, மேஸ்திரியோட ஆளு.” ஒப்பந்தம் எடுத்தவர் அந்த வேலையை மேஸ்திரிக்குப் பிரித்துக் கொடுத்திருந்தாலும், தன் தொழிலுக்காகக் கொடுத்த வேலையில் காயம்பட்டவருக்கு அவரும் பொறுப்பு. மேஸ்திரியிடம் பணம் இல்லை என்பது முடிவான பதில் ஆகாது.

இரண்டாவது: “அவனே கார்டைக் கழட்டிட்டான்.” இதில் கவனம் வேண்டும். பாதுகாப்புக்காகத்தான் வைத்திருக்கிறது என்று தெரிந்தும் தொழிலாளி தானே வேண்டுமென்று கார்டைக் கழற்றியிருந்தால், இழப்பீடு தர வேண்டாம் என்று வாதாடச் சட்டம் முதலாளிக்கு இடம் தருகிறது. குடிபோதையில் வேலை செய்திருந்தாலும் அப்படியே. மரணத்துக்கும் முழுமையான நிரந்தர ஊனத்துக்கும் இந்த விலக்கு பொருந்தாது. விரல் போன வழக்குகளில் பொருந்தும். ஆகவே மெஷினை உங்கள் கையில் கொடுக்கும்போதே கார்டு இல்லை என்றால் அதைச் சொல்ல ஆள் வேண்டும், படம் வேண்டும். கார்டு இருக்கிற மெஷினில் நீங்களாகக் கழற்றாதீர்கள். விரலுக்கும் அது ஆபத்து, வழக்குக்கும் ஆபத்து.

மூன்றாவது: “வேலை நடந்தது பெங்களூரு, அங்கே போய்க் கேளு.” தேவையில்லை. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, தொழிலாளி வழக்கமாக வசிக்கும் இடத்துக்கான இழப்பீட்டு ஆணையரிடமும் மனு கொடுக்கலாம். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் இந்தப் பொறுப்பைப் பார்க்கிறார்கள். உங்கள் பகுதிக்கு எந்த அலுவலகம் என்பதை மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று ஒதுங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக் குழுச் சட்டம் 1987-ன்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக் குழு அலுவலகத்துக்குச் சாதிச் சான்றிதழோடு போனால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நியாயம் கேட்கப் போன இடத்தில் பிறர் முன்னிலையில் சாதியைச் சொல்லித் திட்டினால் அது தனிக் குற்றம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கலாம்.

விரல் துண்டானால் என்ன செய்வது?

பதற்றத்தில் பலர் தவறு செய்வது இங்கேதான். முதலில் மெஷினின் பிளக்கைப் பிடுங்குங்கள். சுத்தமான துணியால் காயத்தை நன்றாக அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். காபித்தூள், சிமென்ட், மஞ்சள் எதையும் வைக்காதீர்கள்.

துண்டான விரலைத் தேடி எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. ஈரம் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீருக்குள் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. பட்டால் திசு கெட்டு, ஒட்டவைக்க முடியாமல் போய்விடும். இப்படிக் குளிர்ச்சியாக வைத்த விரலுக்கு மருத்துவர்களுக்குக் கிடைக்கும் நேரம் அதிகம். ஆனாலும் எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது.

108-க்குச் சொல்லும்போதே “விரல் துண்டாகிவிட்டது, விரல் கையில் இருக்கிறது” என்று சொல்லுங்கள். கை அறுவை சிகிச்சைக்குப் பெயர்பெற்ற துறை சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருக்கிறது. எங்கே அனுப்ப வேண்டும் என்பதை முதலில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்வார். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

மருத்துவர் “எப்படி ஆச்சு?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்: எந்த ஊரில், யாருடைய கட்டடத்தில், யாரிடம் வேலை செய்தபோது, எந்த மெஷினால். விபத்துப் பதிவேட்டில் அது ஏறட்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதற்கான ரசீதைப் பெறுங்கள். மெஷினை அஜாக்கிரதையாகக் கையாண்டு, அல்லது தகுந்த பாதுகாப்பு இல்லாமல் வைத்து, பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 289-வது பிரிவின்படி குற்றம்.

உண்மையை மாற்றிச் சொல்லிவிட்டவர்களுக்கும் வழி முழுதாக அடைபட்டுவிடவில்லை. கூட வேலை செய்தவர்களின் சாட்சி, மேஸ்திரியின் வருகை நோட்டு, கைப்பேசியில் கூலி வந்த விவரம், வேலையிடத்தில் எடுத்த படங்கள், விபத்தன்று பேசிய அழைப்புப் பட்டியல் எல்லாம் உதவும். வழக்கு கடினமாகும். ஆனால் கொடுக்கலாம். அந்த விக்கிரவாண்டி இளைஞரின் கைப்பேசியில் மேஸ்திரி வாராவாரம் கூலி அனுப்பிய விவரம் அப்படியே இருக்கிறது. விபத்துக்கு முந்தைய வாரம்வரை.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

மரம் அறுக்க மரம் அறுக்கும் மெஷினையே கேளுங்கள். மார்பிள் கட்டரிலோ கிரைண்டரிலோ பல் பிளேடு மாட்டாதீர்கள்.

பலகையை மடியிலோ காலடியிலோ வைத்து அறுக்காதீர்கள். இரண்டு பக்கமும் தாங்கல் கொடுத்து, ஆணியைப் பிடுங்கி, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, மெஷினை இரண்டு கையாலும் பிடியுங்கள்.

பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். சற்றே பக்கவாட்டில் நில்லுங்கள். பலகையின் மறுமுனையைச் சித்தாளைப் பிடிக்கச் சொல்லாதீர்கள்.

லுங்கி, தொங்கும் துண்டு, தளர்ந்த கையுறை, புடவை முந்தானை ஆகியவை பிளேடு பக்கம் வரக் கூடாது. கண்ணாடி கட்டாயம்.

பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

டேப் சுற்றிய ஒயரைத் தண்ணீர் தேங்கிய தளத்தில் இழுக்காதீர்கள். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ட்ரிப்பர் உள்ள போர்டிலிருந்து மட்டுமே இணைப்பு எடுங்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள். 1994 முதல் இயங்கும் வாரியம் அது. 18 வயது முடிந்து 60-க்குள் இருந்தால் பதியலாம். கட்டணம் இல்லை. விபத்து ஊனத்துக்கும், மரணத்துக்கும், பிள்ளைகள் படிப்புக்கும் உதவித்தொகை உண்டு. தொகைகள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. தொழிலாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடம் கட்டுபவர்களிடம் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வசூலித்துத்தான் இந்த நிதி சேர்கிறது. அது தொழிலாளியின் உரிமைப் பணம். வாரியப் பணம் வாங்கினால் முதலாளி தர வேண்டிய இழப்பீடு தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

மாணவர்களுக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கல்லூரி திறக்கும்வரை செலவுக்கு ஆகட்டும் என்று அண்ணனோடு சென்ட்ரிங்குக்குப் போகிற தம்பிகள் ஒவ்வொரு காலனியிலும் இருக்கிறார்கள். 18 நிறையாதவருக்கு வாரியத்தில் பதிவு கிடையாது. வாரியத்தின் உதவி அவருக்கு வராது. ஆனால் இழப்பீட்டுச் சட்டம் அவரைக் கைவிடவில்லை. அதன் வயது அட்டவணை 16 வயதிலிருந்தே தொடங்குகிறது. அதற்குப் பெருக்கல் எண் 228.54. அந்த வயதில் பிள்ளைகளை இப்படிப்பட்ட வேலையில் யாராவது வைப்பார்கள் என்று சட்டத்துக்கும் தெரியும். போக வேண்டிய நிலை வந்தாலும், மெஷினை மட்டும் தொடாதீர்கள். “எனக்குத் தெரியாதுண்ணா” என்று சொல்வதில் வெட்கம் இல்லை.

இந்தத் தொழிலில்தான் எதிர்காலம் என்று நினைப்பவர்கள் ஐ.டி.ஐ.யில் கார்பென்டர் பிரிவில் சேரலாம். மெஷினை முறையாகப் பிடிக்கக் கற்றுத்தரும் இடம் அது. சான்றிதழோடு வருகிறவரிடம் கார்டு இல்லாத கட்டரை நீட்ட மேஸ்திரியும் யோசிப்பார்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு உண்டு. காலனியில் கை, கண் போனவர்கள் யார் யார், எப்போது, எங்கே என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். விபத்து நடந்து இரண்டு வருடம் ஆகாதவர்களைத் தனியாகப் பிரியுங்கள். அவர்களைச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கு அழைத்துப்போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை இது.

விக்கிரவாண்டி இளைஞரிடம் கிளம்பும்போது கணக்கைச் சொன்னோம். முதலில் நம்பவில்லை. மனைவி பெண்ணின் பள்ளி நோட்டை எடுத்துவந்து, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். 15 ஆயிரம். அதில் 60 சதவீதம். 207.98. பிறகு 30 சதவீதம். கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டார்.

“சாதிச் சர்டிபிகேட்டு பொட்டியிலதான் இருக்குது” என்றார். “திங்கக்கிழமை விழுப்புரம் போலாம்.”